14 மில்லிமீட்டர் வளையம்: ஆடாதொடை காசநோய்க் கிருமியைத் தடுக்கிறதா?

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக ஆடாதொடை, குப்பைமேனி, தூதுவளை மூன்றையும் எடுத்துக்கொண்டேன். பாட்டி வீட்டு வேலியிலும் வாய்க்கால் கரையிலும் பறித்த இலைகள். நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து வடித்தேன்.

எங்கள் கல்லூரியில் காசநோய்க் கிருமியை வளர்க்க வசதி இல்லை. அதனால் அதன் சாதுவான உறவுக்காரன் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் மீது சோதித்தேன். அகார் கூழ்த் தட்டில் கிருமியைப் பரப்பி, காகித வட்டு ஒன்றுக்கு 10 மில்லிகிராம் சாறு ஏற்றி வைத்தேன். மூன்றாம் நாள் அளந்தபோது ஆடாதொடைக்கு 14 மி.மீ. தெளிவு வளையம் (வட்டைச் சுற்றிக் கிருமி வளராத இடம்), குப்பைமேனிக்கு 11, தூதுவளைக்கு ஒன்றுமில்லை. ஒப்பிட வைத்த 5 மைக்ரோகிராம் ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து) வட்டுக்கு 12 மி.மீ.தான்!

வழிகாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. "ரிஃபாம்பிசினை மிஞ்சிய ஆடாதொடை" என்று தலைப்புப் போட்டுக் கட்டுரை எழுதச் சொல்கிறார். எனக்கு மட்டும் உள்ளூர ஏதோ உறுத்துகிறது. எங்கே இடிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபிப்பெட் | ஞாயிறு, இரவு 11.40

சளி ஆய்வகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் உறுத்தல் சரியான உறுத்தல் அம்மா. அதை விட்டுவிடாதீர்கள்.

கணக்கை முதலில் பார்ப்போம். 10 மில்லிகிராம் என்றால் 10,000 மைக்ரோகிராம். ரிஃபாம்பிசின் வெறும் 5. இரண்டாயிரம் மடங்கு அதிகமாகச் சாற்றை வைத்துவிட்டு இரண்டு மி.மீ. வித்தியாசத்தை வெற்றி என்பது, மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் உயரம் என்பதுபோல. மேலும் வட்டே 6 மி.மீ. அகலம். அதைக் கழித்தால் பக்கத்துக்கு 4 மி.மீ.தான் மிச்சம்.

இன்னொன்று. ஸ்மெக்மாட்டிஸ் மீது ரிஃபாம்பிசின் எப்போதுமே கொஞ்சம் சுணங்கும். அந்த மருந்தின் மூலக்கூறில் ஒரு துண்டை ஒட்டி அதை முடமாக்கும் நொதி ஸ்மெக்மாட்டிஸிடம் உண்டு. காசநோய்க் கிருமியிடம் அது கிடையாது. ஆக நீங்கள் தோற்கடித்தது ஏற்கெனவே ஒரு கை கட்டப்பட்ட ரிஃபாம்பிசினை.

இப்போது என் கேள்வி. சாறு இல்லாமல் வெறும் மெத்தனால் மட்டும் ஏற்றிய வட்டு ஒன்று வைத்தீர்களா? வட்டுகளை எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள்?

சுண்டைக்காய் | திங்கள், காலை 6.55

ஒரு மாணவி நல்லது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் உடனே நான்கு பேர் வந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறீர்கள். ஆடாதொடையை நம் முன்னோர் இருமலுக்கும் இளைப்புக்கும் எத்தனை நூற்றாண்டாகக் கொடுத்திருக்கிறார்கள்? அதற்கு ரிஃபாம்பிசினின் சான்றிதழ் எதற்கு? ஒரு செடியால் குணமாகிவிட்டால் மாத்திரை விற்பவர்கள் எங்கே போவார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

கரைப்பான் | திங்கள், காலை 9.20

சுண்டைக்காய் அவர்களே, காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த வாதத்தை வேறு நோய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை, நான் தாவர வேதியியல்காரன். இந்தத் துறையில் பாதிக் கட்டுரைகள் உங்கள் தட்டைப் போன்ற ஒரு தட்டில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகின்றன. வட்டு முறை மைக்கோபாக்டீரியத்துக்கு ஒத்துவராது. இந்தக் கிருமியின் மேலுறை மைக்காலிக் அமிலங்களால் ஆன மெழுகுப் போர்வை. அதற்குள் புகக்கூடிய பொருள்கள் பெரும்பாலும் எண்ணெய்ப் பசை உள்ளவை. அகார் என்பதோ ஏறத்தாழ முழுக்கத் தண்ணீர். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் அதில் பரவாமல் வட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஆக நல்ல சரக்கு வளையமே காட்டாமல் போகலாம். தண்ணீரில் எளிதாகக் கரையும் உதவாத சரக்கு பெரிய வளையம் காட்டலாம். உங்கள் தூதுவளைக்கு ஒன்றும் வரவில்லை என்பதாலேயே அதில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

வழக்கமான பாதை, கிருமி வளர்க்கும் திரவ ஊடகத்தில் 96 குழித் தட்டு. சாற்றைக் குழிக்குக் குழி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ரெசாசுரின் சாயம் சேர்ப்பது. கிருமி உயிரோடு இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். நீலமாகவே நின்ற கடைசிக் குழியின் செறிவுதான் உங்கள் எண். முழுச்சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஐசோநியசிட் என்ற மருந்து காசநோய்க் கிருமியை ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே நிறுத்திவிடும்.

அதோடு அதே சாற்றை விலங்குச் செல்களின் மீதும் போட்டுப் பார்க்க வேண்டும். கிருமியைத் தடுக்கும் அளவைப்போலப் பத்து மடங்கு கொடுத்தாலும் செல் தாங்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. தாங்கவில்லை என்றால் உங்களிடம் இருப்பது மருந்து இல்லை. ஆசிட் ஊற்றினாலும் கிருமி சாகத்தான் செய்கிறது.

செடியின் மாதிரியை உலர்த்தி ஒட்டி, திருச்சி ரபினாட் ஹெர்பேரியம் போன்ற ஓர் இடத்தில் கொடுத்து எண் வாங்கினீர்களா? ஆடாதொடை என்ற பெயரில் பெரிய இலைச் செடியும் சின்ன இலைச் செடியும் கடைகளில் கலந்து கிடக்கின்றன.

பொருநைக்கரை | திங்கள், இரவு 8.31

இரண்டு பேருக்கும் நன்றி. வெறும் மெத்தனால் வட்டு வைக்கவில்லை ஐயா. மெத்தனால் தானாக ஆவியாகிவிடும் என்று நினைத்து விட்டுவிட்டேன். வட்டுகளைப் பத்து நிமிடம்தான் உலர்த்தினேன். ஹெர்பேரியம் எண்ணும் வாங்கவில்லை. பாட்டி அடையாளம் காட்டினார், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. ஸ்மெக்மாட்டிஸ் போதாது என்றால், தெரிந்த ஒருவர் மூலம் நோயாளியின் சளி மாதிரி வாங்கித் தருகிறேன், நம் ஆய்வகத்திலேயே வளர்த்துப் பார்க்கலாம் என்கிறார்கள் கல்லூரியில். செய்யலாமா?

பழையபிப்பெட் | திங்கள், இரவு 8.50

வேண்டாம். இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

காசநோய் காற்றில் பரவுகிறது. ஒரு குப்பியைக் குலுக்கித் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் கிளம்பும். வளர்ப்பு வேலைக்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு அறை வேண்டும். உள்ளே காற்றழுத்தம் குறைவாக வைத்து, காற்று வெளியிலிருந்து உள்ளே மட்டும் போகும்படி செய்து, வெளியேறும் காற்றை நுண்வடிகட்டியில் விட்டு அனுப்புவார்கள். மின்விசிறி சுழலும் கல்லூரி ஆய்வகத்தில் அதைத் திறந்தால் முதலில் மூச்சில் இழுக்கப்போவது நீங்களும் கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மாவும்தான். என்னோடு வேலை பார்த்த இருவருக்கு இந்த நோய் வந்தது.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. எச்37ஆர்வி என்ற புகழ்பெற்ற ஆய்வக வகையும், நோய் உண்டாக்கும் திறன் இழந்த அதன் உடன்பிறப்பான எச்37ஆர்ஏவும் 1905-இல் ஒரே நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் வாரிசுகள். எச்37ஆர்ஏவைக் கையாள இரண்டாம் நிலைப் பாதுகாப்பு போதும். சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்தில் கல்லூரிக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சாற்றை மட்டும் மூன்றாம் நிலை வசதி உள்ள இடத்துக்கு அனுப்பிச் சோதிக்கக் கேளுங்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அப்படிப்பட்ட இடம்.

பொறுமை முக்கியம். ஸ்மெக்மாட்டிஸ் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் வேண்டும். எல்ஜே (லோவன்ஸ்டீன்-ஜென்சன்) என்ற முட்டை ஊடகக் குப்பியில் கிருமிக் கூட்டம் கண்ணுக்குத் தெரிய மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரை காத்திருப்போம். எல்ஜே என்றதும் எனக்கு முட்டைதான் ஞாபகம் வருகிறது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக, ஆன்டிபயாடிக் தீவனம் தின்னாத கோழியினுடையதாக இருக்க வேண்டும். சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, சாராயத்தில் துடைத்து, ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துத்தான் மொத்தத்தில் சேர்ப்போம். ஒரு கெட்ட முட்டை அன்றைய தொகுதி முழுவதையும் கெடுத்துவிடும். மாலகைட் பச்சை கலந்து சாய்வாக வைத்து 85 டிகிரியில் முக்கால் மணி நேரம் இறுக வைத்தால் வெளிர்பச்சை இட்லிபோல உறையும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்ஜேயில் மருந்தைச் சேர்க்கும்போது முட்டையோடு சேர்த்துத்தான் சூடாக்குகிறோம். பாதி சூட்டில் போகிறது, பாதி முட்டைப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரிஃபாம்பிசினுக்கே திரவ ஊடகத்தில் 1 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த இடத்தில் எல்ஜேயில் 40 வைத்தோம். உங்கள் இலைச்சாற்றுக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2010-இல் ஆக்ரா ஜால்மா நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. குப்பைமேனி, ஆடாதொடை, வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை ஆகியவற்றின் நீர்ச்சாற்றை எல்ஜேயில் கலந்து பார்த்தார்கள். மருந்துக்கு அடங்காத வகைகளிலும் வளர்ச்சி குறைந்தது. ஆனால் அது ஊடகத்தின் கன அளவில் 4 சதவீதம் சாறு கலந்தபோது. வேகமாக வளரும் ஃபோர்ட்யூட்டம் என்ற இன்னொரு மைக்கோபாக்டீரியம் அதே சாறுகளுக்கு அசையவே இல்லை. உறவுக்காரன் மீது கிடைத்த விடையை வீட்டுக்காரன் மீது ஏற்றாதீர்கள் என்பதற்கு நல்ல சாட்சி அது.

குடிநீர்ச்சட்டி | செவ்வாய், மதியம் 2.05

சித்த மருத்துவர் என்ற முறையில் நானும் நான்கு வார்த்தை.

தங்கையே, நீங்கள் சோதித்தது சித்த மருந்தையே அல்ல. நாங்கள் ஆடாதொடையை மெத்தனாலில் ஊறவைப்பதில்லை. இலையை இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகும்வரை காய்ச்சி, திப்பிலிப் பொடியும் தேனும் சேர்த்துக் கொடுப்போம். மெத்தனாலில் இறங்கும் பச்சையமும் மெழுகும் என் குடிநீரில், அதாவது கஷாயத்தில், இறங்காது. ஆகவே உங்கள் தட்டில் வளையம் வந்தாலும் நான் துள்ள மாட்டேன், வராவிட்டாலும் துவள மாட்டேன்.

"ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்று ஒரு வழக்கு உண்டு. கோழையை இளக்கி, தொண்டையைத் திறக்கும் என்றுதானே அதற்குப் பொருள்? கிருமியைக் கொல்லும் என்று அதில் எங்கே இருக்கிறது? ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அறிவிக்கும்வரை அந்தக் கிருமியை உலகத்தில் யாருமே பார்த்ததில்லை. என்புருக்கி, சயம், இளைப்பு என்று சுவடிகளில் வருவதெல்லாம் அறிகுறிகளின் பெயர்கள். உடம்பு உருகிய நோயாளிகளில் காசநோய்க்காரர் இருந்திருப்பார், நீரிழிவுக்காரர் இருந்திருப்பார், புற்று வைத்தவரும் இருந்திருப்பார். அந்தப் பெயரை இந்தக் கிருமியோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதில்தான் பல ஆய்வேடுகள் முதல் பக்கத்திலேயே சறுக்குகின்றன.

என்னிடம் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு வருகிறவரை முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். காசநோய் என்று வந்தால் ஆறு மாத மாத்திரைதான். ஆடாதொடை மணப்பாகு கேட்டால், அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு வரச் சொல்வேன். கர்ப்பிணிக்குக் கொடுக்கவே மாட்டேன். அதில் உள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும்.

பனங்கொட்டை | செவ்வாய், மாலை 5.30

குப்பைமேனி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் இலங்கையில் அந்த இலையைச் சாப்பிட்டபின், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த சம்பவங்கள் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன. தட்டில் நல்ல பிள்ளையாக இருக்கும் இலை உடம்புக்குள் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஆறாம்மாதம் | செவ்வாய், இரவு 9.48

எனக்கு ஆய்வகம் தெரியாது. நோய் தெரியும். சென்ற ஆண்டு ஆறு மாத மாத்திரை முடித்தவன்.

முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டேன். ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும் என்று சுகாதாரப் பணியாளர் அக்கா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டாம் மாத முடிவில் இருமல் நின்றது, எடை நான்கு கிலோ ஏறியது. அப்போதுதான் ஆபத்து வந்தது. ஊரிலிருந்து ஒரு மாமா லேகிய டப்பாவோடு வந்தார். "உடம்பு தேறிவிட்டது, இனி இந்தச் சூட்டு மாத்திரை எதற்கு?" என்றார். நான் தப்பித்தது அம்மாவின் பிடிவாதத்தால். என்னோடு மாத்திரை தொடங்கிய ஒருவர் இடையில் நிறுத்திவிட்டு, எட்டு மாதம் கழித்து ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வந்தார்.

பொருநைக்கரை, "ரிஃபாம்பிசினை மிஞ்சிய ஆடாதொடை" என்று தலைப்புப் போட்டால் அதைப் படிக்கப்போவது பேராசிரியர்கள் மட்டும் இல்லை. அந்த மாமாவின் கைப்பேசிக்கும் அது போய்ச் சேரும்.

சுண்டைக்காய் | புதன், காலை 7.10

அந்த மாமா செய்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மூலிகைக்கு இதில் இடமே இல்லையா? மிளகில் உள்ள ஒரு பொருளை ரிஃபாம்பிசினோடு சேர்த்து மாத்திரையே போட்டிருக்கிறார்கள் என்று படித்தேனே, அது பொய்யா?

கரைப்பான் | புதன், காலை 11.15

பொய் இல்லை. ரொம்ப நல்ல கேள்வி, முன்பு கேட்டதைவிட.

அது ரிசோரின். ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகம் திரிகடுகத்தை ஆராயப் போய், மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகளை உடம்பு கூடுதலாக உறிஞ்சவைக்கிறது என்று கண்டது. அதன் தொடர்ச்சியாக, 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 மில்லிகிராமோடு 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த மாத்திரை வந்தது. கவனியுங்கள், பைப்பரின் அங்கே கிருமியைக் கொல்ல வரவில்லை. கொல்லுகிறவனுக்குக் கதவு திறந்துவிட வந்தது. குடிநீர்ச்சட்டி அக்கா தன் கஷாயத்தில் திப்பிலி சேர்ப்பதாகச் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டேன்.

ஆடாதொடைக்கும் இதுபோல ஒரு கிளைக்கதை உண்டு. வாசிசினை அடிப்படையாக வைத்துச் செய்தவைதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சினும் ஆம்புராக்சாலும். நம் வீட்டு இருமல் பாட்டில்களில் இருக்கிற அதே பெயர்கள். இந்த இரண்டும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன, ஆனால் அது ஊடகத்தின் அமில காரத் தன்மையைப் பொறுத்து மாறுகிறது என்று 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. நுரையீரலில் ரிஃபாம்பிசின் அளவை அவை உயர்த்துவதையும் அதே கட்டுரை பேசியது.

அமிலம் என்றதும் பைரசினமைடைச் சொல்லாமல் விட முடியாது. இன்றைய முதல் வரிசை நான்கு மருந்துகளில் ஒன்று அது. நடுநிலையான சாதாரண ஊடகத்தில் வைத்தால் கிருமியை ஒன்றும் செய்யாது. அமிலமான ஊடகத்தில்தான் வேலை செய்யும். அதன் சக்தி தெரியவந்ததே எலிகளில்தான். உங்கள் தட்டில் போட்டிருந்தால் தூதுவளைக்குப் பக்கத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருப்பீர்கள். மறுபக்கம், 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தை முதலில் பிடித்துக் கொடுத்தது உங்கள் ஸ்மெக்மாட்டிஸ்தான். அதனால் பழையபிப்பெட் ஐயா சொன்னதற்காக ஸ்மெக்மாட்டிஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது வாசல் காவலாளி, நீதிபதி இல்லை.

இன்னொரு உண்மையையும் சுண்டைக்காய் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெப்டோமைசினும் ரிஃபாம்பிசினும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து வந்தவை. ஐசோநியசிட், பைரசினமைடு, எத்தம்பியூட்டால் மூன்றும் வேதியியல் மேசையில் பிறந்தவை. வழக்கமான சிகிச்சையில் செடியிலிருந்து நேராக வந்த மருந்து ஒன்றுகூட இல்லை. தேடவில்லை என்பதால் அல்ல.

பொருநைக்கரை | மூன்று வாரங்களுக்குப் பிறகு, சனி, இரவு 9.02

திரும்ப வந்துவிட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். செடி மாதிரிகளுக்கு எண் வாங்கியாயிற்று. பாட்டி சொன்னது மூன்றும் சரியே!

வெறும் மெத்தனால் வட்டைப் பத்து நிமிடம் உலர்த்தி வைத்தேன்: 10 மி.மீ. வளையம். இரவு முழுக்க உலர்த்தி வைத்தேன்: வளையம் இல்லை. ஆடாதொடை வட்டையும் இரவு முழுக்க உலர்த்தி வைத்தபோது 8 மி.மீ.தான் வந்தது. என் 14-இல் பெரும்பகுதி மெத்தனாலுடையது. வழிகாட்டியிடம் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார்.

அடுத்து 96 குழித் தட்டு. சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் திரவத்தில் கரைத்தேன், வெறும் டிஎம்எஸ்ஓ குழிகளும் வைத்தேன். ஆடாதொடை மெத்தனால் சாறு 500 மைக்ரோகிராமில் நீலம், 250-இல் இளஞ்சிவப்பு. அக்கா சொன்ன முறையில் காய்ச்சிய குடிநீரை உலர்த்திப் பார்த்தேன், 1000 வரை எல்லாமே இளஞ்சிவப்பு. தூதுவளையும் அப்படியே.

குப்பைமேனிதான் குழப்புகிறது. அதன் எல்லாக் குழிகளும் சாயம் ஊற்றிய அரை மணி நேரத்திலேயே இளஞ்சிவப்பாகிவிட்டன. கிருமி போடாத குழிகள்கூட! கிருமியே இல்லாத இடத்தில் எது சாயத்தை மாற்றியது?

கரைப்பான் | சனி, இரவு 9.30

இலைதான். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்த சாறு, உயிருள்ள கிருமி செய்யும் அதே வேலையைச் சாயத்தின் மீது தானே செய்துவிடும். முதல் முறை மெத்தனால் இல்லாத சக்தியைக் காட்டியது. இந்த முறை சாயம் இருக்கும் சக்தியைக்கூட மறைத்திருக்கலாம். குப்பைமேனிக்கு இந்தத் தட்டில் விடை இல்லை. "சக்தி இல்லை" என்று எழுதாதீர்கள், "இம்முறையில் அளக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். கிருமி போடாத குழி வைத்திருந்தீர்கள் பாருங்கள், அதற்கே என் பாராட்டு.

பழையபிப்பெட் | சனி, இரவு 10.04

சாயத்தை நம்ப முடியாதபோது பழைய வழி இருக்கிறது. சாயம் சேர்க்காமல் இன்னொரு தட்டு போடுங்கள். நாள் முடிந்ததும் ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்து, சாறே இல்லாத புது அகாரில் புள்ளி வையுங்கள். மூன்று நாளில் எந்தப் புள்ளி முளைக்கிறது என்று பாருங்கள். முளைக்காத புள்ளியில் கிருமி செத்திருக்கிறது. முளைத்தால் அது சும்மா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அல்லது ஒன்றுமே ஆகவில்லை. எண்ணிப் பார்த்தால் எது என்று தெரியும்.

பொருநைக்கரை | சனி, இரவு 10.11

திங்கட்கிழமையே செய்கிறேன் ஐயா. துளி எவ்வளவு?

பழையபிப்பெட் | சனி, இரவு 10.15

ஐந்து மைக்ரோலிட்டர் போதும். தட்டை முதலில் உலர வையுங்கள், இல்லையென்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். குழி எண்களைத் தட்டின் அடிப்பக்கத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி சுற்றிக்கொள்ளும்.